வலது பக்கத்துப் பட்டன்கள்

வேலூரில் எந்த ஹார்டுவேர் கடைக்குள் நுழைந்தாலும், பெண் என்று பார்த்ததும் முதலில் குழாய் வாஷரைத்தான் எடுத்து முன்னால் வைப்பார்கள். நான் கேட்டது வேறு. விரல் பட்டாலே அமுங்கி, விரலை எடுத்ததும் துள்ளி மேலே வரவேண்டிய ஒரு சின்ன சுவிட்ச். "காலிங் பெல்லுக்கா மா?" என்று கேட்பார்கள். வீடியோ கேமுக்கு என்று சொன்னால் கடையில் நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற, கல்யாண வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிற ஒருத்திக்கு வீடியோ கேம் ஒரு கேடா என்று அந்தப் பார்வை கேட்கும். எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கப் பொறுமை கிடையாது. இருக்கா, இல்லையா என்று மட்டும் கேட்பேன். இல்லை என்பார்கள்.

எல்லாம் என் தம்பிக்காக. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த முதல் சில வருடங்களில், கம்ப்யூட்டரோடு இணைத்து விளையாட வீட்டிலேயே ஒரு ஜாய்ஸ்டிக் செய்துவிட வேண்டும் என்று நான் அலையாத இடம் இல்லை.

தம்பி ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருந்தான். மேசைமேல் தோலை விரித்து, அதன்மேல் டை என்கிற இரும்பு அச்சை வைத்து, மெஷினின் கையை இழுத்துப் பட்டனை அமுக்க வேண்டும். கனமான தட்டு இறங்கி, ஷூவின் மேல்பாகத்துக்கு வேண்டிய துண்டை வெட்டிக் கொடுக்கும். ஒரு நாள் அந்தத் தட்டு அவன் வலது கைமேல் இறங்கிவிட்டது. நடுவிலிருந்த மூன்று விரல்களும் போயின. கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின. கம்பெனி விசாரணையில், மெஷின்மேல் குற்றம் இல்லை, தன் கவனக்குறைவுதான் என்று இடது கையால் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தான். அம்மா அழுதாள். நான் கத்தினேன். "உனக்கு வாய் இல்லையா? மெஷின் தானா எறங்குச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பிறகு அந்தக் கட்டிலே அவன் ஊராகிவிட்டது. எங்கள் வீடு பாகாயத்தில். காலையில் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் ஹாரன் அடிக்கும்போது போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வரமாட்டான். கூட வேலை பார்த்தவர்கள் பார்க்க வந்தால் தூங்குவது போல் கிடப்பான். கையை எப்போதும் ஒரு துண்டால் சுற்றி வைத்திருப்பான். புண் ஆறி எத்தனையோ நாளான பிறகும் அந்தத் துண்டு போகவில்லை. இவன் இப்படியே செத்துப்போவான் என்று நான் நினைத்தேன். நினைத்ததை மறைக்க எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் அவனிடமே சொல்லிவிட்டேன். அவன் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அப்படியிருந்தவன் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அக்கா, அந்த கேம் மிஷின் ஒண்ணு வீட்ல இருந்தா நல்லா இருக்கும் இல்ல?" என்றான்.

எந்த மெஷின் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அவன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. இருட்டான அறை. பீரோ உயரத்துக்கு மரப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு டிவி. இடது கைக்கு உருண்டைத் தலை வைத்த ஒரு ஸ்டிக், வலது கைக்கு இரண்டு வரிசையில் பட்டன்கள். ஸ்டிக் ஆளை நகர்த்தும், பட்டன் குத்தும் உதையும் கொடுக்கும். டியூஷனுக்குப் போகாமல் அங்கே போய் நிற்கிறான் என்று கேள்விப்பட்டு, காதைப் பிடித்து இழுத்துவர ஒரு முறை நானே போனேன். உள்ளே அவனைச் சுற்றிக் கூட்டம். அவனைவிடப் பெரிய பையன்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருந்தார்கள். அவனுடைய வலது கை விரல்கள் பட்டன்கள்மேல் ஓடிய வேகத்தைப் பார்த்து நானும் காதைப் பிடிக்க மறந்து நின்றுவிட்டேன். எங்கள் குடும்பத்தில் யாரும் எதிலும் முதலாவதாக வந்தது கிடையாது. அன்று அவனைத் திட்டிக்கொண்டேதான் கூட்டிவந்தேன், ஆனால் உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

ஆகவே அவன் கேட்டதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். விபத்துக்குப் பிறகு அவன் வாய்திறந்து ஆசைப்பட்டது அது ஒன்றுதான். அவன் மறுபடி விளையாடிவிட்டால் எழுந்து உட்காருவான், துண்டை எடுப்பான், வெளியே போவான் என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அந்த மரப்பெட்டி ஆட்டங்கள் எல்லாம் கம்ப்யூட்டரிலும் ஓடும் என்று எங்கள் தெரு முனையில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தவர் சொன்னார். ஸ்டிக்குக்கும் அவர்தான் வழி சொன்னார். ஒரு பழைய கீபோர்டை உடைத்து, உள்ளே இருக்கிற சின்னத் தகட்டை எடுத்து, அதில் எழுத்துக்களுக்குப் போகும் இடங்களில் ஒயரைப் பற்றவைக்க வேண்டும். ஒயரின் மறுமுனையில் சுவிட்ச். சுவிட்சை அமுக்கினால், ஒரு எழுத்தைத் தட்டினதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். "ஈஸிதான் மேடம். பார்ட்ஸ் கெடச்சா ஒரு நாள் வேலை" என்றார். பார்ட்ஸ் கிடைத்தால் என்று அவர் சொன்னதை அப்போது நான் காதில் வாங்கவில்லை.

முதலில் ஸ்டிக். பஸ் ஸ்டாண்டு கடை மூடிப் போயிருந்தது. பெட்டிகளைப் பழைய சாமானாக விற்றுவிட்டார்கள், அதில் ஒன்று திமிரிப் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, லீவு போட்டுவிட்டுப் போனேன். டிவி இருந்த இடத்தில் சைக்கிள் டியூப்களை அடுக்கியிருந்தார் கடைக்காரர். ஸ்டிக் மட்டும் அப்படியே நின்றது. அதில் அவர் கழுவின துணியைக் காயப்போட்டிருந்தார். கழற்றித் தரச் சொன்னதும் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார் போல. இருந்தும் ஸ்பானரை எடுத்தார். ஸ்டிக்கின் தண்டு நன்றாக இருந்தது. அடியில் நான்கு பக்கமும் இருக்கிற சுவிட்சுகள் தேய்ந்து, ஒரு முறை தட்டினால் இரண்டு முறை தட்டினதாகச் சொல்லும். பட்டன்களை எலி கடித்திருந்தது.

எனக்கு என்னவோ புத்திசாலித்தனமாகப் பட்டது, ஸ்டிக்கை வலது பக்கம் மாற்றிவிடலாம் என்பது. உள்ளங்கையால் தள்ளினாலே போதும்தானே? நல்லா இருக்கிற இடது கை பட்டனைப் பார்த்துக்கொள்ளும். உள்ளங்கைக்குள் அடங்குகிற பெரிய தலை வேண்டும் என்று லாரி உதிரிபாகக் கடைகளில் கியர் உருண்டைகளாக வாங்கிக் குவித்தேன். கண்ணாடிக்குள் பூ வைத்தது, தேள் வைத்தது எல்லாம் கிடைத்தது. அடுத்து ஸ்பிரிங். ஆட்டோ கிளட்சின் ஸ்பிரிங் போட்டால் யானை பலம் வேண்டும். ஸ்டேப்ளர் ஸ்பிரிங் போட்டால் ஸ்டிக் குடிகாரன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். ஒரு வழியாக நடுத்தரமாக ஒன்று தையல் மெஷின் பழுதுபார்க்கிற கடையில் அகப்பட்டது. அதையும் போட்டுக் கொடுத்தேன். தம்பி துண்டை அவிழ்த்துவிட்டுத் தழும்பை அந்த உருண்டைமேல் வைத்தான். தள்ளினான். முகம் வெளிறிவிட்டது. ஒவ்வொரு தள்ளலுக்கும் தழும்பு இழுத்துக்கொண்டு வலித்தது. கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, "இது வேணாம்க்கா" என்றான்.

"பின்ன எப்படித்தான்டா செய்யச் சொல்ற?"

"கடையில இருந்த மாதிரியே வை. ஸ்டிக் இடது கைக்கு. பட்டனு வலது கைக்கு. சுண்டு விரல் இருக்குது, கட்டை விரல் இருக்குது, கையோட அடிப்பக்கம் இருக்குது. போதும். சுச்சு மட்டும் லேசா இருக்கணும். தொட்டா விழணும்."

அவன் தீர்மானமாக ஒன்றைச் சொல்லி எவ்வளவு நாளாகியிருந்தது! ஒரு தச்சரிடம் பிளைவுட்டில் பெட்டி செய்யச் சொல்லி, பட்டனுக்கு ஓட்டை எங்கெங்கே வேண்டும் என்று அவன் கையை வைத்து வரைந்துகொண்டேன். அவன் கையை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அப்போதுதான். பெட்டிமேல் ஒட்டத் தோல் துண்டு வாங்கட்டுமா, வழவழப்பாக இருக்குமே என்றேன். எங்கள் பக்கம் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் தோல் துண்டுக்குப் பஞ்சம் இல்லை. "தோல் வேணாம்" என்றான். ரெக்சினை ஒட்டினேன்.

அதற்குப் பிறகு சுவிட்ச். அதுதான் என்னைத் தின்றது. சால்டரிங் கம்பியைப் பிடித்துப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டு விரலெல்லாம் கொப்புளம். அது பெரிதில்லை. பொருத்திக் கொடுத்தால், மெதுவாக ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கும்போது எல்லாப் பட்டனும் வேலை செய்யும். ஆட்டம் தொடங்கிச் சூடு பிடித்ததும், "விட்டுடுது க்கா. அமுக்கறேன், விழ மாட்டேங்குது" என்பான். நான் கழற்றுவேன். காலிங் பெல் சுவிட்ச், மிக்ஸி சுவிட்ச், டேப் ரெக்கார்டர் பட்டன், ஒன்றும் விடவில்லை. ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள் என்று சென்னைக்கு ரயிலேறினேன். அங்கே கிடைத்தது உண்மைதான். மொத்தமாகப் பெட்டிக் கணக்கில் எடுத்தால்தான் தருவோம் என்று ஒருவர் துரத்த, இன்னொருவர் இரக்கப்பட்டுச் சில்லறையாகக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினேன். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத் தம்பி கையை எடுத்தான். "இதுவும் விடுது" என்றான்.

அப்போதெல்லாம் அவன்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. வேண்டுமென்றே குறை சொல்கிறானோ என்று தோன்றும். மறுகணம் அவன் ஆட்டம் முடிந்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார்த்தால் ஆத்திரமெல்லாம் எங்கேயோ போய்விடும். குறைந்தபட்சம் உட்கார்ந்திருக்கிறானே, படுக்கவில்லையே என்று அடுத்த கடைக்குக் கிளம்புவேன்.

மேல்விஷாரத்தில் ஒரு பாய் பழைய மெஷின்களை உடைத்து விற்கிறார் என்று யாரோ சொல்லி அங்கே போனேன். தோல் பதனிடுகிற ஷாப்புகளிலிருந்தும் ஷூ கம்பெனிகளிலிருந்தும் வந்த இரும்பு மலையாகக் கிடந்தது. மதிய வெயில், மூக்கைப் பொத்த வைக்கிற வாசனை. அவர் முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா தேடுற?"

சொன்னேன். வீடியோ கேம் என்றதற்கு அவர் சிரிக்கவில்லை. ஒரு பிஸ்கட் டின்னைக் காலால் என் பக்கம் தள்ளினார். நிறைய சுவிட்சுகள். கறுப்பு உடம்பு, மேலே நீளமான தகட்டு நாக்கு. ஒன்றை எடுத்துச் சுண்டு விரலால் தொட்டேன். தொட்டதும் விழுந்தது. அவ்வளவு லேசான சுவிட்சை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"நல்ல மால் மா. ஓடாத சுச்சு" என்றார்.

"பழைய மெஷின்ல கழட்டினதுதானே பாய்? அது எப்படி ஓடாம இருக்கும்?"

"கட்டிங் மெஷின்மா. செய்யறவன் ரெண்டு பட்டன் வச்சி அனுப்புவான். ரெண்டு கையும் பட்டன் மேல இருந்தாத்தான் தட்டு எறங்கும், கை உள்ள மாட்டாது. ஆனா பீஸ் கணக்குல வேலை செய்யறவனுக்கு அது பேஜார். ஒரு கை தோலை நகத்தினே இருந்தா வேகம் ஜாஸ்தி. அதனால ஒரு சுச்சைக் கழட்டிட்டு ஒயரை ஜாயிண்ட் பண்ணிடுவானுங்க. ஒரு பட்டன்ல ஓடும். கழட்டின சுச்சு புதுசாவே எங்கிட்ட வந்துடும்."

சரக்கின் பெருமையைச் சொன்னார், அவ்வளவுதான். அவருக்கு என்னைப் பற்றி என்ன தெரியும்? டின்னுக்குள் கையை விட்டவள் அப்படியே நின்றுவிட்டேன். தட்டு இறங்கும்போது தம்பியின் வலது கை எங்கே இருந்திருக்க வேண்டும், எங்கே இருந்தது என்பது எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது. வேண்டாம் என்று போட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் தொட்டால் விழுகிற சுவிட்ச் வேறு எங்கும் இல்லை. பொறுக்கி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவன் கட்டில்மேல் கொட்டினேன். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். எதிலிருந்து கழற்றியது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

"எங்க மிஷின்லயும் இதேதான்" என்றான்.

"யாருடா கழட்டினது?"

"மெக்கானிக்கு. நான்தான் கழட்டச் சொன்னேன்."

அதற்குப் பிறகு நிதானமாகவே சொன்னான், வேறு யாருக்கோ நடந்தது போல. ஹெல்பராக இருக்கிறவன் கட்டர் ஆனதும் மெக்கானிக் வந்து ஒரு பட்டனை எடுத்துவிடுவாராம். ஒற்றைப் பட்டன் என்றால்தான் முழுக் கட்டர். இரண்டு பட்டனோடு வேலை செய்கிறவனைப் புதுப்பெண் என்று சொல்லிச் சொல்லியே அழவைத்துவிடுவார்களாம். கழற்றுகிற அன்று லைனில் இருக்கிற எல்லோருக்கும் இனிப்புக் கொடுக்க வேண்டும், அது வழக்கமாம். "எங்களை யாரும் கழட்டச் சொல்லலக்கா. நாங்களே கேட்டு வாங்கினது. எந்த மூஞ்சியை வச்சினு மிஷின் மேல சொல்றது?"

ஒரு நாள் சாயங்காலம் அவன் ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கிவந்தது எனக்கு ஞாபகம் வந்தது. கட்டர் ஆகிவிட்டேன் என்றான். அம்மா அதைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினாள். நானும் தின்றேன், நன்றாக இருந்தது என்று இன்னொன்றும் கேட்டேன்.

"அம்மாகிட்ட சொல்லாத" என்றான்.

சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து அந்த சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தேன். ஒவ்வொன்றையும் மீட்டரில் வைத்துச் சோதித்தேன். ஒன்றுகூடப் பழுதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, அம்மா அடுப்படிக்குப் போனதும், பெட்டியை அவன் மடிமேல் வைத்தேன். அவன் துண்டை அவிழ்த்துக் கட்டில்மேல் போட்டான். இடது கை ஸ்டிக்கைப் பிடித்தது. வலது கையைப் பட்டன்கள்மேல் வைத்தான். முதல் சுற்று தொடங்கியது.

நன்றாக ஆடினான். சுண்டு விரலால் ஒரு பட்டன், கட்டை விரலால் ஒரு பட்டன், யோசித்து யோசித்து. எதிராளியைக் கீழே தள்ளிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். எத்தனை காலத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த சுற்றில் எதிராளி வேகமானவன். தம்பி முன்னால் சாய்ந்தான், உதட்டைக் கடித்தான், பஸ் ஸ்டாண்டு கடையில் நின்ற அதே பையன் ஆகிவிட்டான்.

"அமுக்கறேன்! விழ மாட்டேங்குதே!" என்று கத்தினான்.

அதுவரை ஒவ்வொரு முறையும் நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சுவிட்சுகளில் கோளாறு இருக்க வழியே இல்லை என்பதால் இந்த முறை அவன் கையைப் பார்த்தேன். சுண்டு விரல் பட்டனை விட்டு விலகி விறைத்துக்கொண்டு நின்றது. கட்டை விரல் பெட்டியின் ஓரத்தில் சும்மா இருந்தது. புறங்கையில் மட்டும் நரம்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன, வரிசையாக, மிக வேகமாக. அந்த நரம்புகள் போய்ச் சேருகிற இடத்தில் தழும்பு துடித்தது. தழும்புக்கும் பட்டனுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. இல்லாத அந்த மூன்று விரல்களாலும் அவன் அமுக்கிக்கொண்டிருந்தான். பிசகே இல்லாமல், அன்றைக்கு அத்தனை பேரை வாய் பிளக்க வைத்த அதே வேகத்தில்.

கால் எடுத்த நோயாளிகள் இல்லாத பாதம் அரிக்கிறது என்று சொல்வதை வார்டில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஊசியில் ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே, சரி சரி என்று தலையாட்டியிருக்கிறேன்.

திரையில் அவன் ஆள் அடி வாங்கிக்கொண்டிருந்தான். தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் எதைப் பார்க்கிறேன் என்று குனிந்து அவனும் பார்த்தான். நரம்புகள் நின்றன.

"சுச்சுதான்டா சரியில்ல" என்றேன். "பாய் ஏமாத்திட்டார். வேற ஒண்ணு மாத்திப் பார்க்கலாம்."

"மாத்தாதக்கா. சுச்சு நல்லாத்தான் இருக்குது." ஸ்டிக்கை விட்டுவிட்டு இடது கையால் துண்டை எடுத்தான். "நான்தான் அமுக்கல."

கட்டையும் சுண்டும் இருக்கிறதே, பழகினால் வந்துவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஆட்டம் சூடு பிடித்துவிட்டால் அவன் யோசிக்காமல்தான் ஆடுவான். யோசிக்காமல் ஆடும்போதெல்லாம் அந்த மூன்று விரல்களும்தான் முதலில் வரும். அதற்கு எந்தக் கடையில் போய் எதைக் கேட்பது?

திரையில் அவன் ஆள் விழுந்து கிடந்தான். தோற்றபோது வருகிற அந்த நீளமான சத்தம் கேட்டது. அம்மாவுக்கு எந்தச் சத்தம் எதற்கு என்று தெரியாது. அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"இன்னாடா, ஜெயிச்சிட்டியா?"

தம்பி துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஜெயிச்சிட்டேம்மா" என்றான்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று அம்மா சொல்வது எங்களுக்குக் கேட்டது.